எல்லாம் சரியாகச் செய்தவருக்கு ஏன் மனச்சோர்வு?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 43. பதின்மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் காலையில் ஓடுகிறேன். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுவேன். சாப்பாட்டில் சர்க்கரையும் எண்ணெயும் அளந்துதான். அப்படிப்பட்ட எனக்கு மனச்சோர்வு என்று போன மாதம் ஒரு மனநல மருத்துவர் சொல்லிவிட்டார். ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளை நிரப்பச் சொன்னார், அதில் 17 வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நான்கு மாதமாக எதிலும் பிடிப்பு இல்லை. அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சும்மா படுத்துக் கிடப்பானேன் என்று எழுந்து ஓடப் போய்விடுகிறேன். முன்பு ஐந்து கிலோமீட்டர் ஓடுவேன். இப்போது காலையில் பத்து, மாலையில் ஐந்து. எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. ஓடும்போது முன்பிருந்த சுகம் இல்லை. சில நாள் விழிக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பேன், அது போகட்டும்.

என் தம்பி சிகரெட்டை விட்டதே இல்லை. வார இறுதியானால் குடி. தூங்கும்போது இரவு இரண்டு மணி. அவன் சிரித்துக்கொண்டு திரிகிறான். இது என்ன கணக்கு? எங்கள் அப்பா கடைசி எட்டு வருடம் ஒரே நாற்காலியில், யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சுபாவமே அப்படி என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்றுதான் முப்பது வயதில் ஓடவே ஆரம்பித்தேன். முதலில் ஒரு குழுவோடு ஓடினேன். பேசிப் பேசியே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று ஒன்றரை வருடத்துக்கு முன் விலகிவிட்டேன்.

பழக்கங்களை இன்னும் கறாராக்கினால் மாத்திரை இல்லாமலே சரியாகிவிடுமா? நான் எதில் தவறினேன்? மனைவிக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின்குறிப்பு: மூன்று மாதத்தில் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஒன்று வருகிறது, பெயர் கொடுத்துவிட்டேன். ஓடலாமா?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி ஒன்று உண்டு. "விழிக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று எழுதிவிட்டு, "அது போகட்டும்" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதை நான் போகவிட முடியாது. நீங்கள் நிரப்பிய தாளில் ஒன்பதாவது கேள்வி இதைத்தான் கேட்கிறது. அதற்கு உள்ளபடி பதில் எழுதினீர்களா, அல்லது 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தீர்களா? அப்படி மறைத்துவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நினைப்பு வருகிறது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக யாரும் உங்களைப் பிடித்து அட்மிட் செய்துவிட மாட்டார்கள். மனச்சோர்வில் அடிக்கடி தலைகாட்டுகிற அறிகுறி இது. ஆனால் 'இல்லாமல் போனால் நல்லது' என்ற நினைப்பு 'எப்படிப் போவது' என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. உங்கள் மனைவியிடம் இந்த வரியை இன்று இரவே சொல்லுங்கள். மருத்துவரிடமும் போன் செய்து சொல்லுங்கள், அடுத்த முறை போகும்போது பார்க்கலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். நான் எழுதுவதில் மீதியை அதற்குப் பிறகு படித்தாலும் போதும்.

சரி, இனி உங்கள் கணக்குக்கு வருவோம்.

முதலில் அந்த 17. அந்தத் தாளுக்கு மொத்தம் 27 மதிப்பெண். ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து மிதமானது, பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை மிதத்துக்கும் கடுமைக்கும் நடுவில், இருபதிலிருந்து கடுமையானது. தாளை மட்டும் வைத்து யாரும் நோயைத் தீர்மானிப்பதில்லை, உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வோம். ஆனாலும் 17 என்பது 'கொஞ்ச நாளாக மனசு சரியில்லை' என்று விட்டுவிடக்கூடிய எண் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டுதல் 16ஐ ஒரு கோடாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை தேவையில்லை, பேச்சு சிகிச்சையோ குழுவாகச் செய்யும் உடற்பயிற்சியோ போன்றவற்றில் தொடங்கலாம் என்கிறது. 16ம் அதற்கு மேலும் என்றால் பேச்சு சிகிச்சையையும் மாத்திரையையும் சேர்த்துத் தருவதை முதலில் யோசிக்கச் சொல்கிறது. நீங்கள் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறீர்கள். உங்கள் மருத்துவர் அவசரப்பட்டு எழுதிவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் குழப்பத்தில் பாதிக்கு இந்த நோயின் பெயரே காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 'மனச்சோர்வு' என்றால் ஏதோ களைப்பு போலவும், நன்றாகத் தூங்கி நாலு நாள் ஓய்வெடுத்தால் போய்விடும் போலவும் காதில் விழுகிறது. 'மன அழுத்தம்' என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் அந்தச் சொல்லை ஆபீஸ் டென்ஷனுக்கும் பயன்படுத்துகிறோம். பேசாமல் 'டிப்ரஷன்' என்றே சொல்லிவிடலாம் என்று சில நாள் எனக்குத் தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, மனம் கனத்துக் கிடப்பது அல்லது எதிலுமே ருசி இல்லாமல் போவது, அதோடு தூக்கம், பசி, எடை, கவனம், உடல் வேகம் எல்லாம் தடுமாறுவது: இதற்குத்தான் அந்தப் பெயர். அதிகாலை மூன்று மணி விழிப்பும் ஆறு கிலோ எடைக்குறைவும் உங்கள் உடம்பு காட்டுகிற அடையாளங்கள்.

இனி பழக்கங்கள். 2023இல் 'நேச்சர் மென்டல் ஹெல்த்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ், சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பிரிட்டனில் கிட்டத்தட்ட 2,90,000 பேருடைய விவரங்களை ஒன்பது ஆண்டுக் காலத்துக்கு எடுத்துப் பார்த்தார்கள். அதில் சுமார் 13,000 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. ஏழு பழக்கங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இரவு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரத் தூக்கம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவாக இருந்தது. புகைப்பழக்கமே இல்லாதவர்களுக்கு 20, மனிதர்களோடு அடிக்கடி பழகுகிறவர்களுக்கு 18, உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு 14, அதிக நேரம் உட்கார்ந்தே இருக்காதவர்களுக்கு 13, குடியில் அளவோடு இருப்பவர்களுக்கு 11, நல்ல உணவுக்கு 6. பெரும்பாலான பழக்கங்களைக் கடைப்பிடித்தவர்களை, ஏறக்குறைய எதையும் கடைப்பிடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் 57 சதவீதம் குறைவு.

57 சதவீதம் என்று படித்ததும் நல்ல பழக்கம் ஏதோ தடுப்பூசி மாதிரி மனதில் பதிந்துவிடும். அதைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, எந்தப் பழக்கத்தையும் பேணாத நூறு பேரில் ஏழு பேருக்கு மனச்சோர்வு வருகிறது என்று வையுங்கள். அது 57 சதவீதம் குறைந்தால் மூன்று பேர். ஏழு பேர் மூன்று பேராகக் குறைவது பெரிய விஷயம், நான்கு குடும்பங்கள் தப்பித்திருக்கின்றன. ஆனால் அந்த மூன்று பேர் மிச்சம் இருக்கிறார்கள் இல்லையா? அவர்களும் ஓடினார்கள், அளந்து சாப்பிட்டார்கள், நேரத்துக்குப் படுத்தார்கள். நீங்கள் அந்த மூன்றில் ஒருவர். 'எதில் தவறினேன்' என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் பழக்கம் வாய்ப்பைக் குறைக்கிறது, வராது என்று கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை.

இந்த மாதிரி ஆய்வில் இன்னொரு சிக்கல், எது முன்னே எது பின்னே என்பது. தூக்கம் கெட்டதால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வு மெல்ல நுழைந்துகொண்டிருந்ததால் தூக்கம் கெட்டதா? இரண்டுமே நடக்கிறது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்குத் தொடர்ந்து தூக்கமின்மை இருந்தால், பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதே சமயம் மனச்சோர்வு வந்துவிட்டால் அது முதலில் கைவைப்பதும் தூக்கத்தில்தான், அப்புறம் நண்பர்களில், அப்புறம் சாப்பாட்டில். ஒருவர் எழுந்து நடக்காமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, 'நடக்காததால்தான் உனக்கு இப்படி' என்று வீட்டில் சொல்வார்கள். கால் உடைந்தவரைப் பார்த்து நீ நடக்காததால்தான் கால் உடைந்தது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

தம்பி விஷயத்தில் உங்களுக்கு இருக்கிற ஆத்திரம் புரிகிறது. மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு சுமார் 37 சதவீதம் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்தது. மீதியில் பெரும்பகுதி ஒரே வீட்டில் வளர்ந்ததால் இருவருக்கும் பொதுவாக வருவது இல்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேர்வது. ஒரே அப்பா, ஒரே வீடு, ஆனால் உங்களுக்கு நேர்ந்தது அவருக்கு நேரவில்லை, அவருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரவில்லை. அதனால் அண்ணனையும் தம்பியையும் பக்கத்தில் நிறுத்திப் போடுகிற கணக்கு எப்போதும் இடறும். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. தம்பி உள்ளுக்குள் எப்படி இருக்கிறார் என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? பதின்மூன்று வருடமாக ஓடுகிற உங்களைப் பார்க்கிறவர்களும் 'அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறார்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா. எட்டு வருடம் ஒரே நாற்காலியில் யாரிடமும் பேசாமல் இருப்பது ஒருவருடைய சுபாவம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவரைப் பார்க்காமல் நோய் என்று பெயர் வைக்கவும் மாட்டேன். ஆனால் இதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ மனச்சோர்வு இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடும். அந்தச் சுமையோடு நீங்கள் 43 வயது வரை வந்திருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன பெரிய ஆய்வில் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். மரபணு ஆபத்து மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு, அது மிக அதிகமாக இருந்தவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. பழக்கங்கள் ஏற்படுத்திய வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஆக, உங்கள் ஓட்டத்தை நான் எந்த விதத்திலும் குறைத்துப் பேசவில்லை. ஓடியது வீண் என்று நீங்களும் நினைக்க வேண்டாம்.

ஆனால் இப்போது நீங்கள் ஓடுவது அந்த ஓட்டம் இல்லை. காலையில் பத்து, மாலையில் ஐந்து என்றால் வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவும் ஐந்து மணி நேரத் தூக்கத்தில், எடை இறங்கிக்கொண்டிருக்கும் உடம்பை வைத்துக்கொண்டு. நார்வேயில் 33,908 பேரைப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு உண்டு. உடற்பயிற்சியால் மனச்சோர்வுக்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்பில் பெரும்பகுதி வாரத்துக்கு ஒரு மணி நேரத்திலேயே கிடைத்துவிட்டது. வாரத்துக்கு! அதற்கு மேல் கூட்டினால் இதயத்துக்கு வேறு நன்மைகள் இருக்கலாம், மனச்சோர்வைத் தடுப்பதில் நேரம் கூடக் கூடப் பாதுகாப்பும் ஏறிக்கொண்டே போகவில்லை. உடலை ஓய்வில்லாமல் ஓட்டினால் எதிர்ப்பக்கமும் திரும்பும். 1980களில் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கல்லூரி நீச்சல் வீரர்களைப் பல ஆண்டுகள் கவனித்தபோது, பயிற்சி ஏற ஏற மனநிலை இறங்கியது, பயிற்சியைக் குறைத்ததும் திரும்ப ஏறியது. ஓவர்டிரெயினிங் என்று விளையாட்டு மருத்துவத்தில் சொல்வார்கள். களைப்பு, தூக்கக் கேடு, எரிச்சல், ருசியின்மை என்று அதன் அறிகுறிகளைப் படித்தால் மனச்சோர்வைப் படிப்பது போலவே இருக்கும். உங்களுக்கு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

உடற்பயிற்சி மனச்சோர்வுக்குச் சிகிச்சையாகவே வேலை செய்கிறதே என்று நீங்கள் கேட்கலாம், இதையெல்லாம் தேடிப் படிக்கிறவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. செய்கிறது. 1999இல் ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும் என்று கொடுத்தார்கள். பதினாறு வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை எடுத்தவர்கள் மட்டும் ஆரம்பத்தில் சற்று வேகமாகத் தேறினார்கள். 2024இல் 'பிஎம்ஜே' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு 218 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி மூன்றும் நன்றாகப் பலன் தந்தன, சற்று மூச்சு வாங்கச் செய்தால் பலன் கூடியது. ஆனால் சிகிச்சைக்கான உடற்பயிற்சி என்றால் ஒருவர் மேற்பார்வையில், அளவாக, நடுவில் ஓய்வு நாள் விட்டுச் செய்வது. உங்களுக்கு இதில் இன்னொரு இடக்கும் இருக்கிறது. அசையாமல் இருந்த ஒருவருக்கு ஓட்டத்தைப் புதிதாகச் சேர்க்கலாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும்போதே நோய் வந்த உங்களுக்கு அதையே இரண்டு மடங்காகக் கொடுத்து நான் எதை எதிர்பார்ப்பது?

உணவைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் 67 பேரை வைத்து 2017இல் வெளியான ஒரு சோதனையில், உணவை மாற்றிய பிரிவில் 32 சதவீதம் பேர் பன்னிரண்டு வாரத்தில் மனச்சோர்விலிருந்து வெளியே வந்தார்கள், மற்றப் பிரிவில் 8 சதவீதம். ஆனால் அதில் சேர்த்துக்கொண்டவர்கள் அதுவரை மோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். உங்கள் பிரச்சினை தலைகீழ். இப்போதைக்கு அளவுக் கரண்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பசி இல்லாவிட்டாலும் மூன்று வேளை, நேரத்துக்கு.

இப்போது அந்த ஏழு பழக்கத்துக்கே திரும்பி வருகிறேன். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டேன். புகை இல்லை, குடி இல்லை, உணவு சரி, ஓட்டம் சரி, உட்கார்ந்தே கிடப்பதும் இல்லை. தூக்கம், நோய் வரும்வரை சரி. ஒன்றே ஒன்று விடுபட்டிருக்கிறது, மனிதர்கள். அதன் பங்கு உடற்பயிற்சியின் பங்கைவிடப் பெரியதாக அந்த ஆய்வில் வந்ததை மேலே பார்த்தீர்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் ஓட்டக் குழுவிலிருந்து விலகினேன் என்று, வேகத்தை மிச்சம் பிடித்த கணக்காக, ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்தப் பேச்சுதான் அவர்கள் ஓட்டத்தின் பாதி என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் உங்களுக்கு மனச்சோர்வு வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இவ்வளவு நேரம் 'தவறைத் தேடாதீர்கள்' என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு தவறைத் தேடிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்போதே ஏதோ மாறத் தொடங்கியிருந்து, அதனால் அவர்கள் பேச்சு உங்களுக்குத் தாங்கவில்லையோ என்னவோ. எப்படியானாலும், பழக்கங்களைக் கறாராக்குவதா என்று கேட்டீர்களே, கறாராக்க வேண்டியது எதுவும் இல்லை, தளர்த்த வேண்டியவைதான் இருக்கின்றன. திரும்பச் சேர்க்க வேண்டியது அந்த ஒன்று.

மாத்திரைக்கு வருவோம். பழக்கத்தை வைத்து மாத்திரையைத் தவிர்ப்பதா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் மாத்திரையின் பெரிய உபகாரம், ஒருவரைத் தன் பழக்கங்களுக்குத் திரும்பிப் போகிற அளவுக்குத் தூக்கிவிடுவது. இந்த மாத்திரைகள் மதுவைப் போல இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்க வைப்பதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரலாம். அதனால் நிறுத்தும்போது மருத்துவரைக் கேட்டு மெல்ல மெல்லக் குறைப்போம். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, தூக்கத்தில் மாற்றம் இருக்கலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். தாம்பத்திய ஆசை குறைவது சிலருக்கு நீடிக்கும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். சொன்னால் மாற்று இருக்கிறது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சில சமயம் இன்னும் கொஞ்சம் ஆகும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நடுவில் நன்றாக இருக்கிறதே என்று விடக் கூடாது. ஆரம்ப நாட்களில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு தவிப்பு வந்தாலோ, அந்த 'விழிக்காமல்' நினைப்பு கூடினாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். தைராய்டு, இரத்தசோகை, பி12 பரிசோதனை செய்தாயிற்றா என்பது ஒன்று. தைராய்டு சுரப்பு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு போலவே இருக்கும், ஆறு கிலோ குறைந்ததற்கும் வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, முன்பு எப்போதாவது பல நாட்கள் தொடர்ந்து தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்துக்கொண்டு இருந்தீர்களா? அப்படியானால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சிகிச்சையே வேறு பாதையில் போகும்.

மூன்று மணி விழிப்புக்கு: எழுந்து ஓடப் போகாதீர்கள். மூன்று மணிதான் விடியல் என்று நீங்களே உடம்புக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் படுத்திருங்கள், தூக்கம் வரவில்லை என்றால் வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சுவாரசியமில்லாத வேலை செய்யுங்கள், கண் சொருகினால் திரும்பி வந்து படுங்கள். எழும் நேரம் ஐந்தரை என்றால் ஐந்தரை, எவ்வளவு தூங்கியிருந்தாலும். நோய் தணியும்போது இந்த விழிப்பும் தணியும்.

பேச்சு சிகிச்சையில் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று ஒரு முறை இருக்கிறது, உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் மனசு வரவே வராது. செய்கையை முன்னால் விட்டு, மனசைப் பின்னால் வரவிடுவதுதான் இந்த முறை. ஒரு தாளில் அன்றைக்குச் செய்த சின்னச் சின்னக் காரியங்களை எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு இதமாக இருந்தது, எவ்வளவு திருப்தி தந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்வோம். நீங்கள் எண்களை விரும்புகிறவர், சந்தோஷமாகச் செய்வீர்கள். ஒரே நிபந்தனை, கிலோமீட்டரை எழுதக் கூடாது.

ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன், நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள். மாலை ஓட்டம் வேண்டாம். காலையில் விடிந்த பிறகு அரை மணி, வாரத்தில் நான்கு நாள். பக்கத்தில் ஒருவரோடு பேச முடிகிற வேகத்தில். அதைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், அதனால் அந்தப் பழைய குழுவில் யாராவது ஒருவருக்குப் போன் செய்யுங்கள். மாத்திரை, தாள், 17 எதையும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. 'கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை, மெதுவாகத்தான் ஓட முடிகிறது, வரட்டுமா' என்று கேட்டால் போதும். வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நோய் வந்திருந்தாலும், இவ்வளவு ஓடியும் இப்படி ஆகிவிட்டதே என்று உங்களுக்கு இதே வெட்கம் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் மாத்திரையை அன்றே விழுங்கியிருப்பீர்கள்.

மாரத்தான். மூன்று மாதத்தில் 42 கிலோமீட்டர் என்றால் இப்போதிலிருந்தே தூரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நான் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடையும் தூக்கமும் திரும்பாமல் அந்தத் தூரம் வேண்டாம், இந்த முறை விட்டுவிடுங்கள். பெயரை அடியோடு எடுக்க மனசு வரவில்லை என்றால், அதே நிகழ்ச்சியில் ஐந்து கிலோமீட்டர் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். தம்பி வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அவரால் ஓட முடியாது, பாதி தூரம் நடக்க வேண்டியிருக்கும், நீங்களும் கூடவே நடக்க வேண்டியிருக்கும்.